மூடியைத் திறக்க முடியாத மெஷினுக்கு 24 மாதத் தவணையா? நம் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கு,

மார்கழிக் கடைசியில் கடலூர் செம்மண்டலத்தில் நடந்த, கல்யாண வீடியோ எடுப்பவர்களான நம் சங்கத்தின் பொதுக்குழுவில், உறுப்பினர்களுக்கு எடிட்டிங் மெஷின் மொத்தமாக வாங்கும் தீர்மானம் சாப்பாட்டுக்கு முன்னால் பத்தே நிமிடத்தில் நிறைவேறியது. 42 பேர், ஆளுக்கொரு லேப்டாப், ஒன்று 1,36,000 ரூபாய், நிதி நிறுவனம் மூலமாக 24 மாதத் தவணை. கை தூக்கச் சொன்னீர்கள். நான் தூக்கவில்லை. பேச எழுந்தபோது, "நேரமாச்சு, எழுத்துல குடுங்க" என்றார் செயலாளர். இதோ எழுத்தில் கொடுக்கிறேன். தை முடிவதற்குள் முன்பணம் கட்டப்போவதாகக் கேள்விப்பட்டேன். அதனால் உங்கள் மூவருக்கு மட்டும் அனுப்பாமல் எல்லா உறுப்பினர்களும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அன்று நம் கையில் கொடுத்த விலைப்பட்டியலின் முதல் பக்கத்தைத்தான் எல்லோரும் பார்த்தோம். திரை எவ்வளவு நன்றாக இருக்கும், பிராசஸர் என்ன, கூடவே ஒரு பை இலவசம் என்றெல்லாம் அதில் இருந்தது. வீட்டுக்கு வந்து இரண்டாம் பக்கத்தைப் படித்தேன். மெமரி 16 ஜிபி, மெயின் போர்டிலேயே சால்டர் செய்தது (ஈயத்தால் பற்றவைத்தது), கூட்ட முடியாது. ஃபைல்களைச் சேமிக்கும் டிஸ்க்கான எஸ்எஸ்டி 512 ஜிபி, அதுவும் போர்டிலேயே. அடிமூடியை வெளியாள் திறந்தால் வாரண்டி ரத்து. உள்ளே இருக்கும் டேட்டாவுக்கு நிறுவனம் பொறுப்பல்ல. வாரண்டி 12 மாதம்.

தவணை 24 மாதம், வாரண்டி 12 மாதம். பதின்மூன்றாவது மாதம் போர்டு போனால், ஓடாத மெஷினுக்கு இன்னும் பன்னிரண்டு மாதம் பணம் கட்ட வேண்டும். வாங்கி ஒரு வருடம் தாண்டியதும் போர்டு போவது எனக்கே நடந்தது. அதனால்தான் கை தூக்கவில்லை.

2022 ஆகஸ்டில், புதிதாக வாங்கிய கேமராவின் 10-பிட் ஃபுட்டேஜ் (நிறங்களைக் கூடுதல் விவரத்தோடு பதியும் வீடியோ) என் பழைய டெஸ்க்டாப்பில் திக்கித் திக்கி ஓடியதால், 1,42,000 ரூபாய் கொடுத்து ஒரு லேப்டாப் வாங்கினேன். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இதே மாதிரி மெஷின் செய்யும் யாரிடம் வாங்கியிருந்தாலும் கதை இதுதான். மெமரியும் எஸ்எஸ்டியும் போர்டோடு ஒட்டியவை என்று அப்போது எனக்குத் தெரியாது, கடையிலும் சொல்லவில்லை. நல்லாவே ஓடியது. மண்டபத்திலேயே உட்கார்ந்து, தாலி கட்டிய காட்சியை வரவேற்பு மேடைத் திரையில் அன்று மாலையே போட்டுக் காட்டியிருக்கிறேன். அந்த மெஷின் மேல் எனக்குப் பிரியம்கூட இருந்தது.

2023 அக்டோபர் கடைசியில், ஐப்பசி முகூர்த்தங்களுக்கு நடுவில், ஒருநாள் காலை அது எழுந்திருக்கவில்லை. சார்ஜர் விளக்குகூட எரியவில்லை. வாங்கிப் பதினான்கு மாதம். நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் கடலூரில் கிடையாது. புதுச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அவர்கள் சென்னைக்கு அனுப்பினார்கள். பத்தொன்பது நாள் கழித்துப் பதில் வந்தது: போர்டு மாற்ற வேண்டும், 81,000 ரூபாய், உள்ளே இருப்பது எதுவும் திரும்பக் கிடைக்காது, சம்மதம் என்றால் கையெழுத்துப் போடுங்கள்.

கையெழுத்துப் போடாமல் மெஷினை வாங்கி வந்து திருப்பாப்புலியூரில் போர்டு வேலை பார்க்கும் அண்ணனிடம் கொடுத்தேன். நம்மில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். போர்டை மைக்ரோஸ்கோப் அடியில் வைத்து, எனக்கும் காட்டினார். பவர் லைனில் எங்கோ ஷார்ட். எங்கே என்று கண்டுபிடிக்க, லைனுக்குக் கொஞ்சமாக வோல்டேஜ் கொடுத்துவிட்டு, போர்டு மேல் ஐபிஏ என்ற, சீக்கிரம் ஆவியாகும் ஆல்கஹால் திரவத்தை லேசாகப் பரப்பினார். எந்த இடம் முதலில் காய்கிறதோ அங்கேதான் சூடு, அங்கேதான் கோளாறு. ஐந்தாறு நொடியில் ஒரு இடம் மட்டும் வட்டமாகக் காய்ந்தது. கடுகில் பாதி அளவு ஒரு கெப்பாசிட்டர். பக்கத்திலேயே யூஎஸ்பி போர்ட்டின் காலில் பச்சை பூத்திருந்தது. "உப்புக் காத்து தம்பி, இந்த ஊர்ல எல்லா போர்டும் இப்படித்தான் வருது" என்றார். கெப்பாசிட்டரை மாற்றினார். அதன் விலை இரண்டு ரூபாய் இருக்கும். ஆனால் ஷார்ட்டான வேகத்தில் பவர் ஐசியும் போயிருந்தது. அந்த ஐசியை நிறுவனம் வெளியில் விற்பதில்லை. போர்டின் ஸ்கீமேட்டிக்கும் (சர்க்யூட் வரைபடம்) கிடையாது. இரண்டு வாரம் தேடினார். கடைசியில் காசு வாங்காமல் திருப்பிக் கொடுத்தார்.

எனக்கு அதைவிடப் பெரிய வலி அந்த எஸ்எஸ்டி. அது நன்றாகத்தான் இருந்தது. அதில் ஒரு கோளாறும் இல்லை. ஆனால் செத்த போர்டோடு சேர்த்து சால்டர் செய்யப்பட்டிருந்தது. தேவனாம்பட்டினத்தில் ஒரு படகுக்காரர் வீட்டுக் கல்யாணம் அதில் இருந்தது. முகூர்த்தத்தை வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்திருந்தேன். வரவேற்பை இன்னும் எடுக்கவில்லை, கேமராவின் மெமரி கார்டுகளை அடுத்த ஆர்டருக்காக அழித்துவிட்டேன். காப்பி எடுக்காதது என் தவறு, அந்த வீட்டில் போய்ச் சொன்னபோதும் என் தவறு என்றுதான் சொன்னேன். பொண்ணோட தாத்தா வரவேற்பு மேடையில் பேத்தி தலையில் கை வைத்து வெகுநேரம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அதை நான்தான் எடுத்தேன், என் கேமராவில் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்த மாதம் அவர் தவறிவிட்டார். அந்தப் பெண் என்னிடம் கேட்டது அந்த ஒரு காட்சியைத்தான்.

படகுக்காரர் கோபப்படவில்லை. "டிஸ்க்க மட்டும் கழட்டி வேற மெஷின்ல மாட்ட முடியாதா?" என்று கேட்டார். துறைமுகத்தில் படகு எஞ்சினைக் கரையிலேயே பிரித்துப் போட்டு, பழுது பார்த்து, மறுநாள் விடியலில் கடலுக்கு அனுப்புகிறவர் அவர். அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதே கேள்வியை இப்போது உங்களிடம் வைக்கிறேன்.

இதற்கு எதிராக என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். பொருளாளர் அண்ணன் அன்று மூன்று காரணம் சொன்னார். மூன்றையும் நான் நிஜமாகவே யோசித்துப் பார்த்தேன்.

முதல் காரணம், "பெரிய கம்பெனிங்களே இப்படித்தான் செய்யிறாங்க, காலம் மாறிடுச்சு" என்பது. அப்படியே நேர்க்கோட்டில் மாறிவிடவில்லை அண்ணே. ஆப்பிளையே எடுத்துக்கொள்ளுங்கள். 2013-இல் மேக் ப்ரோவை உருளை வடிவில், உள்ளே ஒன்றும் பெரிதாக மாற்ற முடியாதபடி செய்தார்கள். தொழில்முறைப் பயனாளர்கள் வருடக்கணக்கில் குறை சொன்னார்கள். 2017 ஏப்ரலில் அந்த நிறுவனத்தின் பெரிய அதிகாரிகளே செய்தியாளர்களைக் கூப்பிட்டு, அந்த வடிவத்தின் சூடு தாங்கும் அளவு தங்களைக் கட்டிப்போட்டுவிட்டது, புதிதாக யோசிக்கிறோம் என்று ஒப்புக்கொண்டார்கள். 2019-இல் வந்த மேக் ப்ரோவில் மெமரிக்குப் பன்னிரண்டு ஸ்லாட், 1.5 டிபி (சுமார் 1,500 ஜிபி) வரை போடலாம், கார்டு மாட்ட எட்டு ஸ்லாட். விலை எட்டாத உயரம், ஆனால் திறக்கலாம், மாற்றலாம். அப்புறம் 2023-இல் எம்2 அல்ட்ரா சிப்போடு வந்ததில் மெமரி மறுபடியும் சிப்போடு ஒட்டியது. 192 ஜிபிக்கு மேல் கிடையாது, வாங்கிய பிறகு கூட்டவும் முடியாது, கிராபிக்ஸ் கார்டும் போட முடியாது. ஒரே நிறுவனம் பத்து வருடத்தில் மூடி, திறந்து, மறுபடி மூடியிருக்கிறது. இன்னொரு பக்கம் லெனோவா 2024-இல் திங்க்பேட் டி14 ஐந்தாம் தலைமுறையில், ஒட்டிவைத்த மெமரியை விட்டுவிட்டு இரண்டு ஸ்லாட்டுக்குத் திரும்பி வந்தது. ஆக, மூடிய பெட்டிதான் எதிர்காலம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. வாங்குகிறவர்கள் கேட்டால் கிடைக்கிறது. 42 பேர் சேர்ந்து கேட்பது என்பது சின்ன விஷயமில்லை.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். மெமரியைச் சிப்புக்குப் பக்கத்திலேயே ஒட்டினால் வேகம் கூடும், மின்சாரம் மிச்சமாகும். அது உண்மை. தினம் கரண்ட் போகும் ஊரில் யூபிஎஸ் கூடுதலாக அரைமணி நேரம் தாங்கினால் அது பெரிய விஷயம்தான். மெமரிக்காவது இப்படி ஒரு காரணம் இருக்கிறது. எஸ்எஸ்டிக்கு என்ன காரணம்? ஸ்லாட்டில் மாட்டும் என்விஎம்இ என்ற வேகமான ரக எஸ்எஸ்டியே நம் வேலைக்குத் தேவையானதைவிட வேகமாகப் படிக்கிறது, எழுதுகிறது. கழற்றும் மாதிரி வைப்பதால் எடிட்டருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. எஸ்எஸ்டி என்பது எழுத எழுதத் தேய்கிற பொருள். 500 ஜிபி எஸ்எஸ்டிக்கு 300 டிபி வரை எழுதலாம் என்பதுபோலத்தான் நிறுவனங்களே கணக்குக் கொடுக்கின்றன. நம் வேலையில் மெமரி 16 ஜிபி நிறைந்ததும், மிச்சத்தை எஸ்எஸ்டியில்தான் எழுதி எழுதி அழிக்கும். மெமரியும் போதாது, எஸ்எஸ்டியும் சின்னது, இரண்டையும் மாற்ற முடியாது என்றால், மெஷின் தேயும் வேகத்தை நாமே கூட்டுகிறோம்.

512 ஜிபி எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 4கே-யில் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) வைத்து எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா, ஐந்து மணி நேரம் என்றால் 450 ஜிபி. நலங்கு, பெண் அழைப்பு, முகூர்த்தம், வரவேற்பு என்று எடுப்பவருக்கு ஒரே கல்யாணத்தில் மெஷின் நிரம்பிவிடும். விண்டோஸுக்கே இடம் இருக்காது.

இரண்டாவது காரணம்: "ராம் விலை எகிறிடுச்சு, இப்போ அசெம்பிள் பண்ணினா கட்டுப்படியாகாது." ராம் என்பது மெமரிதான், அதன் விலை எகிறியது உண்மை. ஏஐ டேட்டா சென்டர்களுக்காக மெமரி சிப்புகள் அள்ளப்படுகின்றன. உலகில் பெரிய அளவில் செய்வதே சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்று மூன்று பேர். 2025 டிசம்பரில் மைக்ரான், நாம் வருடக்கணக்காக வாங்கி மாட்டிய க்ரூஷியல் ராமையே கடைகளுக்குத் தருவதை நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டது. ஆனால் இதே காரணத்துக்காகத்தான் நான் மூடிய மெஷின் வேண்டாம் என்கிறேன். ஸ்லாட் இருந்தால் இன்று 16 ஜிபி போட்டு வேலையைத் தொடங்கலாம், விலை இறங்கும்போது இன்னொரு 16 போடலாம். பழைய மெஷினில் கிடக்கும் ராம் ரகம் பொருந்தினால் அதையே மாட்டலாம். ஸ்லாட் இல்லாவிட்டால், விலை உச்சத்தில் இருக்கும் இன்றே ஐந்து வருடத்துக்கான மெமரியையும் வாங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் 16 ஜிபியோடு ஐந்து வருடம் மல்லாட வேண்டும்.

மூன்றாவது காரணம்தான் எனக்கும் நியாயமாகப் பட்டது. புதிய கேமராக்களின் 10-பிட் 4:2:2 ஃபுட்டேஜ் (நிறத்தை இன்னும் நுணுக்கமாகப் பதியும் வகை) அசெம்பிள்டு மெஷினில் ஓடாது என்றார் அண்ணன். பலருக்கு ஓடவில்லைதான். ஐம்பதாயிரம் கொடுத்து கிராபிக்ஸ் கார்டு போட்டும் டைம்லைன் நிற்கிறது என்று புலம்பியவர்களை நானே பார்த்திருக்கிறேன். காரணம், என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய கார்டுகள் அந்த 4:2:2 வகையைத் தாமாகப் பிரித்துப் படிப்பதில்லை. அந்த வேலையை இன்டெல் பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் செய்கிறது. பன்னிரண்டாம் தலைமுறை இன்டெல்லே, எச்.265 என்ற சுருக்க முறையில் பதிந்த 4:2:2-வைச் சிரமமில்லாமல் ஓட்டும். ஆனால் பெயர் எஃப் என்று முடியும் பிராசஸரில் அந்த உள் கிராபிக்ஸ் கிடையாது. இரண்டாயிரம் மிச்சம் என்று கடைக்காரர் தள்ளிவிடுவது பெரும்பாலும் அதைத்தான். பிராசஸரைப் பார்த்து வாங்கினால் தீர்கிற விஷயம். இதற்காகப் பூட்டிய பெட்டிக்குப் போக வேண்டியதில்லை.

என் கணக்கைச் சொல்கிறேன். லேப்டாப் போன பிறகு நான் திரும்ப உட்கார்ந்தது 2017 ஜூனில் 78,000 ரூபாய்க்கு அசெம்பிள் செய்த அதே டெஸ்க்டாப்பில். அதில் 2020-இல் மெமரியை 16-இலிருந்து 32 ஆக்கினேன், ஒரு எஸ்எஸ்டி சேர்த்தேன். 2022 தொடக்கத்தில் கிராபிக்ஸ் கார்டு மாற்றினேன். எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்கு மின்சாரம் தரும் பெட்டி) ஒருமுறை போனது, மஞ்சக்குப்பம் கடையில் வாங்கி அன்று மதியமே நானே மாட்டினேன். எல்லாம் கணக்கு நோட்டில் எழுதியிருக்கிறேன்: இதுவரை மேல்செலவு 41,000. ஆக மொத்தம் 1,19,000 ரூபாய், எட்டரை வருடம், மாதத்துக்குச் சுமார் 1,150 ரூபாய். 10-பிட் ஃபுட்டேஜுக்கு இரவில் ப்ராக்ஸி (எடிட் செய்ய லேசான நகல்) போட்டுவிட்டுப் படுக்கிறேன், காலையில் வேலை ஓடுகிறது. லேப்டாப் 1,42,000 ரூபாய்க்குப் பதினான்கு மாதம் உழைத்தது, மாதத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல். இதில் ஜிஎஸ்டி 18 சதவீதமும் அடக்கம். நம்மில் பெரும்பாலோருக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லாததால் அது திரும்பி வராத காசு.

இன்னொன்று, நாம் இருக்கும் ஊர். மெஷினை வடிவமைக்கிறவர்களுக்கு இந்த ஊர் தெரியாது, நமக்குத் தெரியும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் வந்தபோது என் கடையின் தகரக் கூரை பறந்துபோய் டெஸ்க்டாப் மேல் மழை கொட்டியது. நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த நாட்களில் மெஷினைப் பிரித்து, ஒவ்வொரு உறுப்பாகக் காய வைத்தேன். கரண்ட் வந்ததும் எஸ்எம்பிஎஸ் மட்டும் புதிது போட்டேன். ஆன் செய்தால் பீப், பீப் என்று கத்தியது. ராமைக் கழற்றி அதன் பொன்னிறப் பல்வரிசையைப் பென்சில் ரப்பரால் தேய்த்தேன். ரப்பர் துகள் கறுப்பாக உதிர்ந்தது. திரும்ப மாட்டினேன், திரை வந்தது. அந்த மெஷின் 2015 வெள்ளத்தைப் பரண் மேல் இருந்து பார்த்துவிட்டு 2017 வரை உழைத்தது.

2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தபோது, அங்கே ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. ரெயின்போ நகரில் தரைத்தளத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நம் உறுப்பினர் ஒருவரின் டெஸ்க்டாப் இடுப்பளவுத் தண்ணீரில் இரண்டு நாள் மூழ்கிக் கிடந்தது. போர்டு போயே போய்விட்டது. எஸ்எஸ்டியைக் கழற்றி, கழுவிக் காயவைத்து என் மெஷினில் மாட்டினோம். எல்லாக் கல்யாணமும் இருந்தது. அடுத்த நாட்களில் பெண்ணையாற்றுத் தண்ணீர் கடலூருக்குள் வந்தது. நம் பக்கத்து இன்னொரு உறுப்பினரின் மூடிய லேப்டாப் மேஜையிலிருந்து விழுந்து நனைந்தது. அவருக்கு ஒன்றுமே திரும்பி வரவில்லை. அவர் பொதுக்குழுவில் உட்கார்ந்திருந்தார், அவரிடம் யாரும் கேட்கவில்லை.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பில் சங்கத்தின் பெயரில் போட்டால் தள்ளுபடி கூடும் என்று சொன்னீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவரை நுகர்வோராக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் ஒருவர் வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. நம்மைப் போன்றவர்களுக்காகவே எழுதியதுபோல இருக்கும் அந்த ஒரு வரிதான் நம் கையில் இருக்கும் ஆயுதம். 57 லட்சம் ரூபாய்க்கு ஒரு சங்கம் மொத்தமாக வாங்கிய பில்லோடு நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், "இது வணிகக் கொள்முதல்" என்று எதிர்த்தரப்பு வாதாட நாமே வழி விட்டதாகிவிடும். ஆயிரம் ரெண்டாயிரம் தள்ளுபடிக்காக அதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

அரசாங்கமும் இந்த விஷயத்தில் தூங்கவில்லை. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் பழுதுநீக்கும் உரிமைக்கென்று ஒரு குழு போட்டு, அந்த ஆண்டு டிசம்பர் 24-ஆம் தேதி அதற்கென ஓர் இணையதளத்தையும் தொடங்கியது. பொருள்களுக்குப் பழுதுநீக்கக் குறியீடு வகுக்க அமைத்த குழு 2025 மே மாதம் அறிக்கை கொடுத்துவிட்டது. பிரான்சில் 2021 ஜனவரியிலிருந்தே லேப்டாப் விற்கிறவர், அதைப் பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு மதிப்பெண் ஒட்டித்தான் விற்க வேண்டும். நம் நாட்டிலும் அந்த மதிப்பெண் வரும்வரை அந்தக் கேள்வியை நாமே கடையில் கேட்டாக வேண்டும்.

மண்டபத்துக்கு எடுத்துப்போக லேப்டாப்தான் வேண்டும் என்று கேட்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. நான் லேப்டாப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. மெமரி ஸ்லாட்டும், கழற்றும் எஸ்எஸ்டியும் உள்ள லேப்டாப்கள் கடையில் இருக்கின்றன. கொஞ்சம் தடிமனாக, அரைக் கிலோ கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். இன்னும் சிலருக்கு டெஸ்க்டாப்தான் சரி. புதுச்சேரியில் இரண்டு கடை, கடலூரில் ஒரு கடை என்று மூன்று இடத்தில் நானே விலை கேட்டு வந்தேன். உள் கிராபிக்ஸோடு இன்டெல் பிராசஸர், நான்கு மெமரி ஸ்லாட் உள்ள போர்டு, இப்போதைக்கு 16 ஜிபி, 1 டிபி எஸ்எஸ்டி, 4 டிபி ஹார்ட் டிஸ்க், மானிட்டர் இல்லாமல் 98,000 முதல் 1,12,000 வரை சொன்னார்கள். மூன்று விலைப்பட்டியலையும் இந்த மடலோடு சங்க அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன்.

சரி, நான் கேட்பது இவை.

முன்பணத்தை இப்போதைக்குக் கட்டாதீர்கள். மாசி முதல் வாரத்தில், முகூர்த்தம் இல்லாத ஒரு நாளில் பொதுக்குழுவை மறுபடி கூட்டுங்கள். விலைப்பட்டியலின் இரண்டு பக்கங்களையும் நகலெடுத்து ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு வாரம் முன்னதாகவே கொடுங்கள். ஃபெஞ்சலில் மூடிய லேப்டாப்பை இழந்த அந்த உறுப்பினரைப் பேசச் சொல்லுங்கள். அதன் பிறகு வாக்கெடுப்பு வையுங்கள். பெரும்பான்மை என்ன சொன்னாலும் நான் கட்டுப்படுகிறேன்.

விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள்: எஸ்எஸ்டியைக் கழற்ற முடியுமா, மெமரிக்கு ஒரு ஸ்லாட்டாவது இருக்கிறதா, வாரண்டிக்குப் பிறகு போர்டு மாற்ற என்ன விலை, எத்தனை வருடத்துக்கு உதிரிப் பாகம் கிடைக்கும், கடலூரிலோ புதுச்சேரியிலோ எத்தனை நாளில் சரி செய்து தருவீர்கள். எஸ்எஸ்டியைக் கழற்ற முடியாது என்று பதில் வந்தால் அந்த மாடலை விட்டுவிடுங்கள். மற்றதில் பேரம் பேசலாம், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எந்த மெஷின் என்று முடிவானாலும், தவணைக் காலம் முழுவதற்கும் வாரண்டியை நீட்டித்து, அதன் விலையை 1,36,000-க்குள்ளேயே அடக்கச் சொல்லுங்கள். 42 மெஷின் விற்கிறவரால் அது முடியும். பில் அவரவர் பெயரில் வர வேண்டும். டெஸ்க்டாப் வேண்டும் என்பவருக்கும் இதே தவணை வசதியை நிதி நிறுவனத்திடம் வாங்கிக் கொடுங்கள்.

சங்க நிதியிலிருந்து நான்கு பெரிய ஹார்ட் டிஸ்க் வாங்கி அலுவலக மாடியில் வையுங்கள். டெலிவரி ஆகாத ஆர்டர்களின் ஃபுட்டேஜை உறுப்பினர்கள் அங்கே ஒரு காப்பி போட்டு வைக்கட்டும். அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையைச் சம்பளம் இல்லாமல் நான் செய்கிறேன். ஞாயிறு மாலையும் புதன் காலையும் என்னால் வர முடியும்.

பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன். தை 25-க்குள் கிடைத்தால், மற்ற உறுப்பினர்களுக்கும் நானே எடுத்துப் போய்க் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பத்திலிருந்து,
பதினாறு வருடமாகச் சந்தா கட்டிவரும் ஓர் உறுப்பினர்